கிளாரினெட் பராமரிப்பு

கிளாரினெட் ஒற்றை ரீட் கொண்ட காற்றிசைக் கருவி. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைச் சேர்ந்த யோகான் கிறிஸ்டோப் டென்னர் 1700ஆம் ஆண்டையொட்டி இதை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் கர்நாடக இசை மேடை, திருமண பேண்டு வாத்தியம், தேவாலய இசைக்குழு, காவல்துறை பேண்டு ஆகியவற்றில் இக்கருவி வாசிக்கப்படுகிறது. மரம், எபனைட், உலோகம், கார்க், கம்பளி ஃபெல்ட், நாணல் தண்டு எனத் தன்மையில் வேறுபட்ட பொருட்கள் ஒரே கருவியில் சேர்ந்திருப்பதால் கிளாரினெட்டைப் பேணும் முறை நாகஸ்வரம், புல்லாங்குழல் ஆகியவற்றைப் பேணும் முறையிலிருந்து மாறுபடுகிறது. அதன் பெரும்பாலான பழுதுகளுக்கு வாசிப்பவரின் மூச்சிலிருந்து குழலுக்குள் தங்கும் ஈரமே காரணம். வாசித்து முடித்தவுடன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அவற்றில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

தமிழ்நாட்டில் கிளாரினெட்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) தம் அரண்மனையில் மேற்கத்திய இசைக்கருவிகள் கொண்ட பேண்டு ஒன்றை அமைத்தார். 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் சதிர்க் கச்சேரியில் கிளாரினெட்டைப் புகுத்தியதாக இசை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதன்பின் சின்னமேளம் எனப்பட்ட நாட்டியக் குழுவில் கிளாரினெட் நிலையான இடம் பெற்றது. 20ஆம் நூற்றாண்டில் பரதநாட்டிய மேடையில் அந்த இடத்தைப் புல்லாங்குழல் பிடித்தது.

கிளாரினெட்டைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன். 1931இல் பிறந்த இவர் நாகஸ்வரமும் கற்றவர். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை இவருக்கு ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டத்தை வழங்கினார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 2008இலும், பத்மஸ்ரீ விருதை 2022இலும் பெற்றார்.

கர்நாடக இசையில் கமகங்கள் உதட்டின் அழுத்தத்தாலும், விரலைத் துளையிலிருந்து சிறிது சிறிதாக விலக்குவதாலும் உண்டாகின்றன. ஏதேனும் ஒரு துளையின் மூடி சரியாகப் பொருந்தாமல் காற்றுக் கசிந்தால், அதற்குக் கீழுள்ள சுரங்கள் அனைத்தும் தடுமாறும். சுரத்தை நேராக ஊதும்போது தெரியாத சிறு கசிவு, கமகத்தில் உடனே வெளிப்படும். கற்கும் மாணவர் அதைத் தம் வாசிப்பின் குறை என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. இதனால் கருவியின் காற்றிறுக்கத்தைக் காப்பது தமிழ்நாட்டு வாசிப்பாளருக்குக் கூடுதல் தேவையாகிறது.

பகுதிகளும் பொருட்களும்

கிளாரினெட் பொதுவாக ஐந்து பகுதிகளாகப் பிரியும். அவை மவுத்பீஸ், பேரல் எனப்படும் குட்டைக் குழல், மேல் குழல், கீழ்க் குழல், மணி போன்ற வாய்ப்பகுதி. மவுத்பீஸின் தட்டையான பக்கத்தில் ரீட் வைக்கப்பட்டு, லிகேச்சர் எனப்படும் பட்டையால் இறுக்கப்படும். பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இடங்களில் கார்க் ஒட்டப்பட்டிருக்கும். துளைகளை மூடும் சாவிகளின் அடியில் பேட் எனப்படும் மெத்தை இருக்கும். ஃபெல்ட்டின் மேல் மெல்லிய சவ்வோ தோலோ போர்த்தி பேட் செய்யப்படுகிறது.

உயர்தரக் கருவிகளின் உடல் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனது. தான்சானியா, மொசாம்பிக் நாடுகளிலிருந்து பெரிதும் கிடைக்கும் இம்மரம் நம் ஊர் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. பேண்டு குழுக்களிலும் மாணவர்களிடமும் எபனைட், பிளாஸ்டிக் கருவிகள் மிகுதி. எபனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். பேண்டு கருவிகள் செய்வதில் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரிலிருந்து வரும் கிளாரினெட்டுகளும் இந்தியா முழுவதும் புழங்குகின்றன.

பராமரிப்பு முறை பொருளுக்கேற்ப மாறும். மரக் கருவி ஈரத்தாலும் வறட்சியாலும் வெடிக்கும். எபனைட்டும் பிளாஸ்டிக்கும் ஈரத்தால் வெடிப்பதில்லை. ஆனால் கீழே விழுந்தால் உடையும், கடும் வெப்பத்தில் வளையும். பேட், கார்க், ஸ்பிரிங், ரீட் ஆகியவற்றுக்கான கவனிப்பு எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றே.

ஈரம் செய்யும் கேடு

மனிதர் வெளிவிடும் மூச்சு உடல் வெப்பத்தில், ஏறக்குறைய முழு ஈரப்பதத்துடன் இருக்கும். குழலின் உட்சுவர் அதைவிடக் குளிர்ந்திருப்பதால் மூச்சிலுள்ள நீராவி அதில் படிந்து துளித்துளியாக ஓடும். வாசிக்கும்போது மணி வழியாகச் சொட்டுவது எச்சில் மட்டுமல்ல; பெரும்பகுதி இவ்வாறு குளிர்ந்த நீர்.

இந்த நீர் நான்கு வகையில் கேடு செய்கிறது.

முதலாவது, மர வெடிப்பு. குழலின் உட்புறம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. வெளிப்புறம் உலர்ந்தபடியே இருக்கிறது. இந்த இழுபறியில் மரம் அதன் வரியோட்டத்தில் பிளக்கும். மூச்சு முதலில் நுழைவதால் மேல் குழலிலும் பேரலிலும்தான் இது மிகுதியாக நிகழ்கிறது.

இரண்டாவது, பேட் உப்புதல். நனைந்து காயும் பேட் நாளடைவில் கடினமாகி, துளையின் விளிம்பில் சரியாக அமராமல் போகும்.

மூன்றாவது, துரு. ஊசி போன்ற எஃகு ஸ்பிரிங்குகளும் திருகாணிகளும் துருப்பிடித்தால் சாவி திரும்பி வராது. ஸ்பிரிங் ஒரு நாள் ஒடிந்துவிடும்.

நான்காவது, பூஞ்சை. மூடிய பெட்டியின் இருட்டும் ஈரமும் பூஞ்சை வளர ஏற்றவை.

வாசிப்பதற்கு முன்

கருவியை எடுப்பதற்கு முன் கைகளைக் கழுவி, வாயைக் கொப்பளிக்க வேண்டும். திருமணப் பந்தியில் பாயசமோ இனிப்போ சாப்பிட்டுவிட்டு உடனே ஊதினால் மூச்சோடு செல்லும் சர்க்கரை பேட்களில் படிந்து பிசுபிசுக்கும். துளையைத் திறக்கும்போது ‘சப்’ என்ற ஒலி கேட்பது இதன் அறிகுறி. வெற்றிலை போடும் வழக்கமுள்ளவர்களின் ரீட்டிலும் மவுத்பீஸிலும் பாக்குத் துகளும் சுண்ணாம்பும் சிவப்புக் கறையும் ஏறும். வாசிப்புக்கு முன் வெற்றிலையைத் தவிர்ப்பதோ, வாயை நன்றாகக் கழுவுவதோ ரீட்டின் ஆயுளை நீட்டிக்கும்.

கருவியைப் பூட்டும்போது மணியைக் கீழ்க் குழலிலும், பிறகு மேல் குழலைக் கீழ்க் குழலிலும், அதன்பின் பேரலையும் மவுத்பீஸையும் பொருத்துவது வழக்கம். நேராக அழுத்தாமல், சிறிது சிறிதாக இருபுறமும் திருகியபடி பொருத்த வேண்டும். நீண்ட சாவிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு திருகினால் அவை வளையும். மேல் குழலின் வளையச் சாவியையும் கீழ்க் குழலின் சாவியையும் இணைக்கும் பாலம் உள்ள கருவிகளில், மேல் குழலின் வளையத்தை அழுத்திப் பாலத்தை உயர்த்திக்கொண்டே இணைக்க வேண்டும். இதில் கவனம் தவறினால் பாலம் வளைந்து, அந்த இணைப்பில் இயங்கும் சுரங்கள் கெடும்.

ரீட்டின் நுனியை ஓரிரு நிமிடம் நீரிலோ வாயிலோ நனைத்த பின்னரே வைக்க வேண்டும். லிகேச்சரை முதலில் மாட்டி, அதனடியில் ரீட்டைச் செருகினால் நுனி சிதையாது. லிகேச்சரின் திருகாணிகளை ரீட் நகராத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும்.

குளிர்ந்த கருவியில் எடுத்தவுடன் பலமாக ஊதக்கூடாது. மேல் குழலைச் சில நிமிடங்கள் கையிலோ துண்டிலோ வைத்து வெதுவெதுப்பாக்கிய பின் ஊதுவது மரக் கருவிக்குப் பாதுகாப்பு. புதிய மரக் கருவியை முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடம் மட்டும் வாசித்து, அடுத்தடுத்த வாரங்களில் நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். புதிய மரம் ஈரத்துக்குப் பழக இந்தக் கால அவகாசம் தேவை.

வாசித்து முடித்தபின்

இதுவே பராமரிப்பின் முதன்மையான பகுதி. இதற்குத் தேவைப்படுவது ஒரு துடைப்புத் துணி மட்டுமே. கடைகளில் கிடைக்கும் துணியின் ஒரு முனையில் கயிறும் கயிற்றின் நுனியில் சிறு எடையும் இருக்கும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துணியில் கயிறு கட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். துணியில் நூல் பிரியக்கூடாது. முடிச்சு பெரிதாக இருக்கக்கூடாது. எடையைத் துணியால் சுற்றித் தைத்திருக்க வேண்டும்.

செய்முறை:

1. ரீட்டை முதலில் கழற்றி, நுனியை நோக்கி ஒரே திசையில் மெல்லத் துடைத்து, ரீட் பெட்டியில் வைக்க வேண்டும்.

2. மவுத்பீஸைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

3. எடையை மணி வழியாக இறக்கி, கருவியைத் தலைகீழாகச் சாய்த்து, பேரல் பக்கமாகத் துணியை மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று முறை இழுத்தால் போதும்.

4. பகுதிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் குழிகளின் உட்புறத்தையும் கார்க் ஓரங்களையும் துடைக்க வேண்டும். நீர் மிகுதியாகத் தங்குவது இங்கேதான். சுருதி சேர்ப்பதற்காகப் பேரலைச் சற்று வெளியே இழுத்து வாசிப்பவர்களின் கருவியில், அந்த இடைவெளியில் நீர் தேங்கியிருக்கும்.

5. சாவிகளில் படிந்த வியர்வையை வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

6. இயலுமானால் பெட்டியைச் சில நிமிடங்கள் திறந்து வைத்து, பிறகு மூட வேண்டும்.

மேல் குழலின் உட்புறத்தில் பின்பக்கச் சாவிக்குரிய சிறு உலோகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். மடிந்த துணி இதில் சிக்குவது வழக்கம். சிக்கினால் பலமாக இழுக்காமல், வந்த வழியே பின்னோக்கி எடுக்க வேண்டும். நனைந்த துணியைக் கருவியோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. அப்படி வைத்தால் துடைத்தெடுத்த ஈரம் மீண்டும் மரத்துக்கே போகும்.

வாசிப்பின் நடுவில் ஒரு துளையில் நீர் புகுந்து ‘களகள’ என்ற ஒலி கேட்டால், அந்தச் சாவியைத் திறந்து ஊதி, பேட்டுக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய சிகரெட் தாளை வைத்துச் சாவியை மெல்ல அழுத்தி நீரை ஒற்றியெடுக்கலாம்.

ரீட்

கிளாரினெட் ரீட், அருண்டோ டோனாக்ஸ் எனும் நாணல் வகையின் தண்டிலிருந்து செய்யப்படுகிறது. நாகஸ்வரச் சீவாளி இரட்டை இதழ் கொண்டது. கிளாரினெட் ரீட் ஒற்றைத் தகடு. இரண்டும் தாவரப் பொருளே என்பதால் நனைந்து காய்வதில் களைத்துப்போகின்றன. ஒரே ரீட்டை நாள்தோறும் பயன்படுத்துவதைவிட, மூன்று அல்லது நான்கு ரீட்களை எண்ணிட்டு முறைவைத்து வாசித்தால் ஒவ்வொன்றும் முழுமையாகக் காய நேரம் கிடைக்கும்.

ரீட்டை மவுத்பீஸிலேயே விட்டு மூடி போட்டு வைப்பது மாணவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். இதனால் ரீட் வளைந்து, பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளிகள் தோன்றிய ரீட்டையும், நுனி சிதைந்த ரீட்டையும் எறிந்துவிட வேண்டும். ஒருவர் வாசித்த ரீட்டை மற்றவர் வாசிக்கக்கூடாது.

மவுத்பீஸ்

மவுத்பீஸின் உட்புறத்தில் எச்சிலிலுள்ள சுண்ணச் சத்து வெண்ணிறப் படிவாகப் படியும். நாள்தோறும் மென்மையான துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரிலும் மிதமான சோப்பிலும் கழுவ வேண்டும். கொதிநீர் கூடாது. எபனைட் மவுத்பீஸ் சூட்டில் பழுப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறும். கந்தக வாடை வீசும். முகப்பு வளையவும் கூடும். வெயிலும் இதே விளைவைத் தரும்.

கெட்டியான படிவை நீக்க, நீர் கலந்த வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பஞ்சால் சில நிமிடங்கள் ஒற்றி, பிறகு நல்ல நீரில் கழுவலாம். கார்க் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கத்தி, ஊசி, கம்பித் தூரிகை ஆகியவற்றால் சுரண்டக்கூடாது. ரீட் அமரும் முகப்பு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான அளவுகளில் இழைக்கப்பட்டது. அதில் விழும் சிறு கீறல்கூட ஒலியை மாற்றும்.

எண்ணெய் பற்றிய கேள்வி

மரக் குழலின் உட்புறத்துக்கு எண்ணெயிட வேண்டுமா என்பதில் கருவி செய்வோரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எண்ணெய் ஈரம் ஏறுவதைக் குறைக்கும் என்பது ஒரு சாரார் கருத்து. அடர்ந்த கருமரத்தில் எண்ணெய் ஆழமாக இறங்காது என்பது மறுசாரார் கருத்து. மரம் வெளிறி உலர்ந்து தோன்றினால் மட்டும் ஆண்டுக்கு ஓரிரு முறை, துணியில் சில துளி பாதாம் எண்ணெயோ குழலுக்கென விற்கப்படும் எண்ணெயோ தடவி உட்புறத்தைத் துடைத்து, மிகுதியை மறுநாள் உலர்ந்த துணியால் எடுத்துவிடுவது இரு தரப்புக்கும் ஏற்ற நடுவழி. முழுமையாக உலர்ந்த கருவிக்கே எண்ணெயிட வேண்டும்.

வீட்டில் கைக்கெட்டும் எண்ணெய்கள் இதற்குப் பொருந்துவதில்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் குழலுக்குள்ளும் துளை ஓரங்களிலும் உறைந்து நிற்கும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகும். நாகஸ்வரத்தில் சாவியும் பேட்டும் இல்லாததால் அதற்கு எண்ணெயிடும் பழக்கம் கேடு செய்வதில்லை. கிளாரினெட்டில் அதே எண்ணெய் துளை வழியாகப் பேட்டில் ஊறி அதைக் கெடுத்துவிடும். நாகஸ்வரக் குடும்பங்களிலிருந்து கிளாரினெட்டுக்கு வருவோர் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். எபனைட், பிளாஸ்டிக் கருவிகளுக்கு உட்புற எண்ணெய் தேவையே இல்லை.

கார்க், பேட், சாவி

கார்க் உலர்ந்தால் பகுதிகளைப் பொருத்துவது கடினமாகும். பலமாகத் திருகும்போது கார்க் கிழியும். கார்க்குக்கான கிரீஸை விரல் நுனியில் சிறிதளவு எடுத்து மெல்லத் தடவ வேண்டும். புதிய கார்க்குக்கு முதல் சில நாட்கள் ஒவ்வொரு முறையும், பிறகு இறுக்கம் தோன்றும்போது மட்டும் தடவினால் போதும். அளவு மிகுந்தால் கார்க்கை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். தளர்ந்த கார்க்கில் நூல் சுற்றுவது ஒரு கச்சேரியை முடிக்க உதவும் தற்காலிக வழி மட்டுமே.

பகுதிகள் பிரியாமல் இறுகிக்கொண்டால் குறடு கொண்டு திருகக்கூடாது. ஈரத்தில் உப்பிய மரம் உலர்ந்த இடத்தில் ஒரு நாள் இருந்தால் பெரும்பாலும் தானே தளரும்.

பிசுபிசுக்கும் பேட்டுக்கும் சிகரெட் தாளே மருந்து. தாளைப் பேட்டின் அடியில் வைத்துச் சாவியை அழுத்தி, அழுத்தத்தை விட்டபின் தாளை எடுக்க வேண்டும். அழுத்தியபடி இழுத்தால் சவ்வு கிழியும். முகப்பவுடர் போடுவது அப்போதைக்குப் பலன் தரும். ஆனால் அந்தத் தூள் ஈரத்தோடு கலந்து பசையாகி, பேட்டை மேலும் கெடுக்கும்.

காற்றிறுக்கத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். மேல் குழலின் அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரல்களால் மூடி, மேல்முனையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய இழுப்பு சில விநாடிகள் நிலைத்தால் பேட்கள் நன்றாக உள்ளன என்று பொருள். உடனே தளர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கீழ்க் குழலையும் இவ்வாறே சோதிக்கலாம். அதில் திறந்து நிற்கும் சாவிகளையும் அழுத்தி மூடிக்கொள்ள வேண்டும்.

சாவிகளின் அச்சுகளுக்கு மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஊசி முனையில் எடுத்த ஒரு துளி எண்ணெய் போதும். சாவிக்கென விற்கும் எண்ணெய் கிடைக்காதபோது தையல் மிஷின் எண்ணெயைப் பயன்படுத்தலாம். வழியும் எண்ணெயை உடனே துடைக்க வேண்டும். அதிர்வில் தளரும் திருகாணிகளைப் பொருத்தமான சிறு திருப்புளியால் மெல்ல இறுக்கலாம். மிகுதியாக இறுக்கினால் சாவி அசையாது. வெள்ளி, நிக்கல் பூச்சுள்ள சாவிகளைப் பாத்திரம் தேய்க்கும் பொடியாலோ உலோக மெருகுப் பசையாலோ தேய்க்கக்கூடாது. பூச்சு தேய்வதுடன் பசை அச்சுகளுக்குள் சென்று அடைத்துக்கொள்ளும்.

ஸ்பிரிங் ஒடிந்தால் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு ஊர்வலத்தை முடிப்பது பேண்டு குழுக்களில் உண்டு. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளிப் பூச்சைக் கருக்கும். ஆகவே வாசித்து முடித்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

தட்பவெப்பமும் ஊரும்

மரக் கருவிக்கு 40 முதல் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் ஏற்றது. தமிழ்நாட்டில் இந்த அளவு ஆண்டு முழுவதும் நீடிப்பதில்லை. நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று ஸ்பிரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் சிக்கல் வேறு. அங்கு கோடையில் காற்று வறண்டு வெயில் கடுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். மார்கழி விடியல் குளிர்ந்திருக்கும். ஒரே மரம் ஓராண்டுக்குள் இந்த மூன்று நிலைகளையும் கடக்கிறது.

கோடையில் கருவியை வெயிலில் வைக்கக்கூடாது. நனைந்த கருவியை உலர்த்துவதற்காகக்கூட அப்படிச் செய்யக்கூடாது. பூட்டிய காரின் டிக்கியிலும், ஓட்டு வீட்டின் பரணிலும், தகரக் கூரையின் கீழும் வெப்பம் வெளியிலுள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும். பந்தலில் காத்திருக்கும் நேரத்தில் பெட்டியை நிழலில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தலாம். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து நேராக வெயிலுக்குக் கருவியைக் கொண்டு செல்வதும் மரத்துக்கு அதிர்ச்சி தரும். பெட்டியை மூடியபடி சிறிது நேரம் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை வைக்கலாம். கோடை வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். கார்த்திகை தீபக் காலத்தில் திறந்தவெளியில் வாசிக்க நேரும் குழுக்கள் மழைத்தூறலில் மரக் கருவியைத் தவிர்த்து, எபனைட் கருவியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. மார்கழி விடியலில் கருவியை வெதுவெதுப்பாக்காமல் ஊதினால் குழலில் நீர் மிகுதியாகப் படியும். வெடிப்புக்கும் வாய்ப்பு கூடும்.

சடங்கும் விழாவும்

ஆயுத பூஜையன்று இசைக்கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது மரபு. கிளாரினெட்டில் சந்தனம் துளை ஓரத்திலோ சாவியின் அச்சிலோ காய்ந்தால், அதன் துகள் பேட்டுக்கு அடியில் சிக்கிக் கசிவை உண்டாக்கும். திருநீறும் அவ்வாறே. மணியின் வெளிப்புறத்திலோ பெட்டியின் மேலோ பொட்டிட்டு, மறுநாள் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்தால் மரபும் நிற்கும், கருவியும் கெடாது. மாலையைக் கருவியின் மேல் சாத்தாமல் பெட்டிக்குச் சாத்துவது நல்லது; பூவின் ஈரம் பேட்டில் இறங்கும்.

ஹோமப் புகையும் ஊர்வலத் தூசும் பேட்களில் படியும். இத்தகைய நாட்களுக்குப் பின் சாவிகளுக்கு அடியிலுள்ள தூசை மென்மையான தூரிகையால் தட்டியெடுக்க வேண்டும்.

உடல்நலம்

குழலுக்குள் வளரும் பூஞ்சை வாசிப்பவரின் நுரையீரலுக்கும் செல்லக்கூடும். ஈரமான பேக்பைப்பை நாள்தோறும் வாசித்து, அதில் வளர்ந்த பூஞ்சையால் நுரையீரல் அழற்சி ஏற்பட்டு இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவர்கள் 2016இல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் எழுதினர். இது அரிதான நிகழ்வு. எனினும் ரீட்டையும் மவுத்பீஸையும் உலர வைப்பது எளிதான காப்பு. பள்ளிகளிலும் பேண்டு குழுக்களிலும் ஒரு கருவியைப் பலர் வாசிக்க நேர்ந்தால், ஆளுக்கொரு மவுத்பீஸும் ரீட்டும் இருக்க வேண்டும். இயலாதபோது ஒருவர் வாசித்தபின் மவுத்பீஸைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, அடுத்தவருக்குத் தர வேண்டும்.

பழுதுபார்ப்பவரிடம் விட வேண்டியவை

மர வெடிப்பு, ஒடிந்த ஸ்பிரிங், வளைந்த சாவி, பேட் மாற்றுதல், கார்க் முழுவதுமாக மாற்றுதல் ஆகியவை தேர்ந்தவரின் வேலை. வெடிப்பைக் கண்டவுடன் வாசிப்பை நிறுத்த வேண்டும். மயிரிழை அளவில் இருக்கும்போது அதை ஒட்டிச் சரிசெய்ய முடியும். தொடர்ந்து ஊதினால் அது துளைவரை நீண்டு, அந்தப் பகுதியையே மாற்ற நேரும். விரைந்து ஒட்டும் பசையை வீட்டில் ஊற்றினால் அது துளைக்குள்ளும் அச்சுக்குள்ளும் இறங்கிப் பின்னர் செய்ய வேண்டிய வேலையைக் கடினமாக்கும்.

கிளாரினெட் பழுதுபார்ப்போர் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளனர். சிற்றூரிலிருந்து கருவியை எடுத்துச் சென்று திரும்ப, பயணச் செலவுடன் சில நாள் வருமானமும் போகும். முகூர்த்த மாதத்தில் பேண்டு கலைஞருக்கு அந்த இழப்பு பெரிது. ஆகவே வாசிப்பு குறைவாக இருக்கும் ஆடி, மார்கழி மாதங்களில் ஆண்டுக்கு ஒருமுறை கருவியைச் சோதிக்கக் கொடுப்பது ஏற்றது.

பராமரிப்புக் கால அட்டவணை

ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும்: குழலைத் துடைத்தல், ரீட்டைக் கழற்றி உலர்த்துதல், பொருந்து குழிகளையும் சாவிகளையும் துடைத்தல்.

வாரம் ஒருமுறை: மவுத்பீஸைக் கழுவுதல், துடைப்புத் துணியைத் துவைத்தல், ரீட்களைப் பார்வையிடுதல்.

மாதம் ஒருமுறை: காற்றிறுக்கச் சோதனை, திருகாணிகளைப் பார்வையிடுதல், சாவிகளின் அடியிலுள்ள தூசு நீக்கல், பெட்டியின் உட்புறத்தைச் சுத்தம் செய்தல். தேவையானால் கார்க்குக்குக் கிரீஸ் தடவுதல்.

மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை: சாவி அச்சுகளுக்கு எண்ணெயிடுதல்.

ஆண்டுக்கு ஒருமுறை: பழுதுபார்ப்பவரிடம் முழுச் சோதனை. மரக் கருவி வறண்டிருந்தால் உட்புறத்துக்கு எண்ணெயிடுதல்.